அல்லி வந்து நின்ற கட்டுத்தரி

அல்லி செத்து இரண்டு கோடை கழிந்து மூன்றாவது கோடையின் வைகாசி மாதத்தில், காளையை ஏற்றிக்கொண்டு வேன் இப்போது வரும், இதோ வந்துவிடும் என்று அவிநாசியப்பன் வாசலுக்கும் படலுக்குமாக நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், மேய்ச்சல் காட்டின் மேற்கு மூலையில் வெள்வேல மரத்தடியில் உப்பும் சுண்ணாம்பும் போட்டு அதைப் புதைத்திருந்த இடத்துப் பக்கமிருந்து அல்லி நடந்து வந்தது. அவசரமில்லாமல் வந்தது. வழியில் கொழுக்கட்டைப் புல்லை ஒரு வாய் கடித்துப் பார்த்தது, வேலியோரம் நின்று கிளுவை மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டது, கொம்பால் படலைத் தள்ளித் திறந்து, அவிநாசியப்பனைச் சுற்றிக்கொண்டு வாசலைக் கடந்து, நேராக மாடு கட்டும் கட்டுத்தரிக்குப் போய், தான் பெற்ற கிடாரிக்கு முன்னால் குறுக்காக நின்றுகொண்டது.

பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி சம்பூரணம் தலை நிமிர்ந்து பார்த்தாள். இடக்கொம்பின் நுனி காதுப்பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. நெற்றியில் கருமை, திமிலில் கருமை, மற்றதெல்லாம் நுரை வெள்ளை. அல்லியேதான். சம்பூரணம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து ஒரு குண்டாவில் தண்ணீர் மொண்டு வைத்தாள். வெயிலில் நடந்து வந்த மாட்டுக்கு முதலில் தண்ணீர்தான் காட்ட வேண்டும். அது குடிக்கும்போது அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்தது போலிருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தன்னந்தனியாக வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்த வீட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து யாரோ வந்து சேர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி.

அல்லியை அவர்கள் சந்தையில் வாங்கும்போதே அது சினையாகத்தான் இருந்தது. எந்தக் காளைக்கு விட்டார்கள், எந்தப் பிராயத்தில் விட்டார்கள் என்று விற்றவர் சொல்லவில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அது இன்னும் கன்றுக்குட்டிப் பருவமே தாண்டவில்லை என்பது தெரிந்தது. மாசி மாதத்தில் ஒரு விடிகாலை வலியெடுத்து, உச்சிப்பொழுது வரை கிடந்து, கன்றின் முன்னங்கால்களில் கயிறு கட்டி ஊரில் கையிருப்பவர்கள் எல்லாம் இழுத்து, கடைசியில் கன்று உயிரோடு வந்தது. அல்லி எழுந்திருக்கவேயில்லை. வந்தது அத்தனை பெரிய கன்று. அதற்கு மாசி என்று பெயர் வைத்து, பக்கத்து வீட்டு எருமைப்பாலை வாளியில் ஊற்றி, விரலைச் சப்பக் கொடுத்து ஏமாற்றிக் குடிக்கப் பழக்கி, சம்பூரணம் வளர்த்தாள். அது வளர்ந்த வளர்த்தியில், இந்தப் பங்குனிக் கண்காட்சியில் கிடாரிகளின் வரிசையில் அது நடந்து வந்தபோது மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முதல் பரிசுக் கோப்பை இப்போது டிவிக்கு மேலே இருக்கிறது.

அன்றைக்கே வடக்குத் தோட்டத்துச் சின்னராசு வந்து அவிநாசியப்பனின் தோளில் கை போட்டார். அவருடைய கோட்டையன்தான் காளைகளில் முதலாவது. நின்றால் வேனின் பின்கதவு மறையும். "அடுத்த பங்குனிக்குத் தலைச்சன் மாடும் கன்னுமா நிறுத்துங்க அண்ணா. இந்தக் கிடாரிக்கு எங்க கோட்டையன் கன்னுன்னா, ஒருத்தனும் எதிர்ல வந்து நிக்கமாட்டான்" என்றார். அவிநாசியப்பன் விரல் மடக்கிப் பார்த்தான். பங்குனிக்குக் கன்று தரையில் இருக்க வேண்டுமென்றால் வைகாசிக்குள் சினை பிடித்தாக வேண்டும். மாட்டு டாக்டர் தேன்மொழி வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பால்பல்லு இன்னும் ஆடவே இல்லைங்க. உசரம் வந்திருச்சு, இடுப்பெலும்பு வரலை. ரெண்டு பல்லு போடட்டுமே" என்று சொன்னார். அவிநாசியப்பன் தலையாட்டினான். டாக்டரின் ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்ததும், "அல்லி குள்ளப் பொடிசு, அதனால தாங்கல. இவ அப்பிடியா? பாரு எப்பிடி நிக்கறான்னு" என்றான். அன்றிலிருந்து சம்பூரணத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வேன் வந்தது. கோட்டையனை இறக்கி மூக்கணாங்கயிற்றை இருபுறமும் பிடித்துக் கட்டுத்தரிக்குக் கூட்டி வந்தார்கள். அல்லி அசையவில்லை. முட்டவுமில்லை, சீறவுமில்லை. கோட்டையன் அதன் முன்னால் வந்ததும் நின்று, அந்தப் பெரிய தலையைத் தரையைத் தொடுமளவுக்குத் தாழ்த்தி, அதட்டு வாங்கிய கன்றுக்குட்டி போல மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது.

"இதாருங்க மாடு?" என்றார் சின்னராசு.

"நம்மு மாடுதானுங்க. கிடாரியோட ஆத்தா."

"அது செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே?"

"செத்துத்தானுங்க போச்சு" என்றான் அவிநாசியப்பன்.

சின்னராசு சற்று நேரம் சுற்றி வந்து பார்த்தார். "பாத்தா நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு, ஆத்தாக்காரி நிற்கும்போது காளையை நெருக்குவது முறையில்லை என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, கோட்டையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் அதை இரண்டு நாளில் ஜீரணித்துக்கொண்டது. முதல் நாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அல்லியின் கன்றைக் கயிறு கட்டி இழுத்தவர்களும் புதைகுழி வெட்டியவர்களும் வந்து, இதுதான், கொம்பு இதேதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சிலர் காட்டுக்குப் போய் வெள்வேல மரத்தடியைப் பார்த்தார்கள். மண் கிளறாமல் மேலே புல் முளைத்திருந்தது. அங்கே இருப்பதும் இங்கே நிற்பதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலில்லை என்று முடிவு செய்துகொண்டு திரும்பினார்கள். கோயில் பூசாரி சாந்தலிங்கத்திடம், மஞ்சள் குங்குமம் வைக்கலாமா என்று கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, "தன்ற வூட்டுக்குத் தானா வந்திருக்குது. நாம எதுக்கு அதைச் சாமியாக்கணும்? தவுடு வெச்சீங்களா?" என்று கேட்டார். பால் சொசைட்டிக்காரர் வந்து, கறக்கிறதா என்று விசாரித்து, கறக்கவில்லை என்றதும் அப்படியானால் தனக்கு இதில் பேச்சில்லை என்று கிளம்பிவிட்டார். இரண்டாம் நாள் முதல் அது அவிநாசியப்பன் வீட்டு மாடு, அவ்வளவுதான்.

கோமாரி ஊசி போடும் முகாமுக்கு வந்த தேன்மொழி குழாயை அல்லியின் விலாவில் வைத்து வெகுநேரம் கேட்டார். காலிக் குடத்தில் காதை வைத்தாற்போல ஒரு சத்தமும் இல்லை. அவர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அல்லிக்கும் ஊசி போட்டார். "கட்டுத்தரியில நிக்கிற எல்லாத்துக்கும் போடணும்னுதான் உத்தரவு" என்றார். போகும்போது படலருகில் நின்று சம்பூரணத்திடம் மெதுவாக, "நான் சொன்னா யாரு கேக்குறாங்க? இது சொல்லட்டும்" என்று சிரித்தார்.

போன வருடம் ஒரு ஜெர்சி மாட்டைப் பறிகொடுத்த வேலுச்சாமி, தன் மாடு மட்டும் ஏன் வரவில்லை என்று மனம் பொறுக்காமல் சாயங்காலமானால் தன் படலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, "அதும்பட கன்ன அப்பவே வித்துப் போட்டீங்கள்ல. இங்க ஆரப் பாக்க அது வருது?" என்றாள். அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. கிழக்கு வீட்டு ருக்மணி மட்டும் தினமும் வந்தாள். அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவளைப் பெற்ற அன்றே அவள் அம்மா போய்விட்டாள். ஒரு கைப்பிடி அருகம்புல்லோடு வந்து, அல்லிக்கு ஊட்டிவிட்டு, எதிரில் கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சம்பூரணம் டீயைக் கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்தபோது, ருக்மணியாகவே சொன்னாள்: "எங்கம்மா ஏன் வர்லேன்னு நான் கேக்கல சம்பூர்ணம். வந்திருந்தா எப்பிடி நின்னிருப்பான்னு பாத்துட்டிருக்கறேன்."

அவிநாசியப்பன் விடவில்லை. ஊர் ஊராக அலைந்து பேரெடுத்த காளைகளை எல்லாம் கூட்டி வந்தான். காரியும் வந்தது, செவலையும் வந்தது, வண்டி முழுக்க மெடல் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மயிலைக் காளையும் வந்தது. எல்லாம் அல்லியின் முன்னால் தலை தாழ்த்தி நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே போயின. சினை ஊசிக்காரரை மொபெட்டில் வரவழைத்தான். அல்லி அவரைத் தொழுவத்தில் எங்கு வேண்டுமானாலும் நடக்க விட்டது. மாசியின் பின்பக்கம் போக மட்டும் விடவில்லை. அவர் வலப்பக்கம் போனால் அதுவும் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம், இப்படியே ஒரு பொழுது முழுக்க நடந்துவிட்டு அவர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு நாள் அவிநாசியப்பன் அல்லியைக் காட்டுக்கு ஓட்டிப்போய் வெள்வேல மரத்தில் புதுக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தான். அவன் வீடு வந்து சேர்ந்தபோது அல்லி கட்டுத்தரியில் நின்றது. கயிறு முடிச்சு அவிழாமல் மரத்திலேயே கிடந்தது. வைகாசி போய் ஆனியும் போனது. பங்குனிக் கணக்கு கைவிட்டுப் போனது.

அன்று உச்சி வெயிலில் அவன் சாப்பிடாமல் கட்டுத்தரியின் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சம்பூரணம் தட்டைக் கொண்டுவந்து அருகில் வைத்தாள்.

"ஆரையுமே வுடாது போல புள்ள" என்றான். "கிழவியாகற வரைக்கும் இவ கிடாரியாவே நிக்கப் போறா."

"வுடாதுன்னு அது எங்க சொல்லுச்சு மாமா?"

"பின்ன?"

"நீங்க கூட்டிட்டு வந்ததெல்லாம் காளை நிக்கற தோரணையப் பாத்து. கொம்பென்ன, திமிலென்ன, வாங்குன பரிசென்ன. அந்தக் காளையோட கன்னு பொறந்த வூட்டுல போயி, மாடு எப்பிடி ஈண்டுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நானும் கேக்கல. அல்லிய வாங்கறப்பவும் நாம கேக்கல."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "நாளைக்கு வண்டியில பெட்ரோல் போட்டுக்கறேன். நீயும் வா" என்றான்.

மறுநாள் தொடங்கிய அலைச்சல் ஆடி முழுக்க நடந்தது. காளை இருக்கும் தோட்டங்களுக்கு அவர்கள் போகவில்லை. தலைச்சன் ஈற்று ஈன்ற மாடுகள் இருக்கும் வீடுகளுக்குப் போனார்கள். சம்பூரணம் பெண்களிடம் கேட்டாள், அவிநாசியப்பன் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டான். கோட்டையனின் கன்று இருந்த முதல் வீட்டில், வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கன்ன வந்து பாருங்க, ஆனைக்குட்டியாட்டம்" என்று பெருமையாகக் காட்டினாள். காட்டிவிட்டு, மாடு எங்கே என்று கேட்டதற்கு, சேலைத்தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வீட்டில் மாடு இருந்தது. இடுப்பு விழுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. அன்றைக்குத் திரும்பும் வழியில் வேகத்தடை வந்தபோதெல்லாம் அவிநாசியப்பன் வண்டியை நிறுத்தி மெல்ல ஏற்றி இறக்கினான்.

தேடிக்கொண்டே போனதில், தனியார் பஸ் ஓட்டும் மயில்வாகனன் என்பவர் வீட்டுக் காளையின் பேச்சு அடிபட்டது. அதன் கன்றுகள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஒரு பெண், அடுப்பில் பால் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோதே கன்று தரையில் கிடந்ததாகவும், பால் பொங்குவதற்குள் மாடு எழுந்து நக்க ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னாள். இன்னொரு வீட்டில், பிறந்தபோது ஆட்டுக்குட்டி போல இருந்தது என்று சொல்லி ஒரு காளைக்கன்றைக் காட்டினார்கள். இரண்டு வயதில் அது அவிநாசியப்பனின் நெஞ்சுக்கு மேல் நின்றது. கடைசியாக அவர்கள் அந்தக் காளையையே போய்ப் பார்த்தார்கள். நடுத்தர உடம்பு, ஒடுங்கிய தோள், சிறிய தலை, நிதானமான கண். மயில்வாகனன் டிரைவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் வந்து, "இதைப் பாக்கவா இத்தனை தூரம் வந்தீங்க? இது கண்காட்சிக்கெல்லாம் போனதில்லீங்களே" என்று கூச்சப்பட்டார்.

"கண்காட்சிக்கு நாங்க போறோம்னு இருந்தோமுங்க. இப்ப அதெல்லாம் இல்லீங்க" என்றான் அவிநாசியப்பன்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. சம்பூரணம் தினமும் மாசியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். ஐப்பசி மழையில் ஒரு நாள் நடுவிலிருந்த பால்பற்கள் இரண்டும் விழுந்து, அந்த இடத்தில் அகலமாக இரண்டு வெள்ளைப் பற்கள் ஈறைக் கீறிக்கொண்டு தலைகாட்டின. அவை நன்றாக மேலேறி வந்த பிறகு தேன்மொழி வந்து கையுறை போட்டுச் சோதித்தார். "இப்ப சரி. இடம் வந்திருச்சு" என்றார். கார்த்திகையில் மாசி பருவத்துக்கு வந்து கத்திய காலையில், மயில்வாகனன் டிரிப்புக்கு ஆள் மாற்றிவிட்டு, காளையை நடத்தியே கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வாசலில் ஊர் நின்றது. ருக்மணி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். காளை அல்லியின் முன்னால் வந்து நின்றது. அது தலை தாழ்த்தவில்லை, வெறுமனே நின்றது. அல்லி அதை மோந்து பார்த்தது. கழுத்தை மோந்தது, தோளின் ஒடுக்கத்தை மோந்தது, சுற்றி வந்து ஒருமுறை பார்த்தது. பிறகு திரும்பி, யாரையும் இடிக்காமல், தொட்டியருகே போய் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கூட்டத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. சம்பூரணம் அவிநாசியப்பனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாசிக்குச் சினை பிடித்தது. ஆனால் அல்லி போகவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு அதற்கும் கொம்பில் வண்ணம் பூசினார்கள். பங்குனிக் கண்காட்சியில் சின்னராசுவின் கோட்டையனே மறுபடியும் வென்றது. அவர் வந்து கோப்பையைக் காட்டிவிட்டு, அல்லியைப் பார்த்து இரண்டு கையும் கூப்பிவிட்டுப் போனார். போகிற போக்கில் அவிநாசியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, தன் தங்கை வீட்டுக் கிடாரிக்கு அந்த டிரைவர் காளையைக் கேட்கலாமா என்று விசாரித்தார். கேளுங்கள் என்று அவிநாசியப்பன் விலாசம் சொன்னான்.

ஆவணியில் ஒரு நாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் மாசி படுத்தும் எழுந்தும் நிலைகொள்ளாமல் சுற்றியது. அவிநாசியப்பன் தேன்மொழிக்குப் போன் போட்டான். அவசரத்தில் இரண்டு முறை வேறு யாருக்கோ போய்விட்டது. கயிறு எடுத்து வைக்கவா என்று கேட்டான். "வேண்டாம் மாமா. சித்தெ நேரம் பாப்போம்" என்றாள் சம்பூரணம். பனிக்குடம் வந்தது. பிறகு இரண்டு குளம்புகள், ஒன்றன் மேல் ஒன்றாக, பாலில் நனைத்தது போல வெளுப்பாக. அவற்றின் மேல் ஒரு சின்ன மூக்கு. சம்பூரணம் கையை நீட்டவுமில்லை, மடக்கவுமில்லை. மாசி ஒருமுறை நீளமாக முக்கியது, இன்னொரு முறை முக்கியது, அவ்வளவுதான்; தோளும் விலாவும் இடுப்பும் ஒரு தடையுமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து, காய்ந்த சோளத்தட்டின் மேல் ஒரு கிடாரிக் கன்று விழுந்து தும்மியது.

யாரும் கன்றைப் பார்க்கவில்லை. எல்லாரும் மாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது படுத்தபடி தலையைத் திருப்பியது. மூச்சிரைத்தது. முன்னங்காலை ஊன்றியது. பின்னங்காலை ஊன்றியது. எழுந்து நின்றுவிட்டது. நின்று, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துக்கொண்டு, கன்றை நக்கத் தொடங்கியது.

"எந்திரிச்சிட்டா" என்றான் அவிநாசியப்பன். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். சிரிப்பு வந்தது, கண்ணும் வழிந்தது, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அதற்குள்ளிருந்தே மறுபடியும் சொன்னான், எந்திரிச்சிட்டா. தேன்மொழி வந்து சேர்ந்தபோது நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டிருந்தது. அவர் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போகவே கையைக் கழுவிக்கொண்டு ருக்மணியின் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் அல்லி தொட்டியருகிலிருந்து வந்தது. கன்றை அது கண்டுகொள்ளவில்லை. குனிந்து கன்றை நக்கிக்கொண்டிருந்த மாசியின் நெற்றியில் நாக்கை வைத்து நக்கத் தொடங்கியது. நெற்றியிலிருந்து கண்ணோரம், கண்ணோரத்திலிருந்து காது, காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முதுகு என்று, ஈரத்தோடு பிறந்து விழுந்த கன்றை எப்படி விடாமல் நக்குமோ அப்படி, பெற்ற அன்றைக்குச் செய்ய முடியாமல் போனதை ஓர் இடம் பாக்கி வைக்காமல் செய்தது. மாசி கன்றை நக்கியது, அல்லி மாசியை நக்கியது. ருக்மணி எழுந்து அருகில் வந்து நின்றாள். வெயில் ஏறிய கூரைத் தகரம் முறுமுறுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

முடித்ததும் அல்லி தலையை உதறிக்கொண்டு வாசலைக் கடந்து படலை நோக்கி நடந்தது. கொம்பால் தள்ளப் போன நேரத்தில் அவிநாசியப்பன் ஓடிப்போய், விருந்துக்கு வந்தவர்களை வழியனுப்புவது போலப் படலை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"போயிட்டு..." என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். வா என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அதன் முதுகை ஒருமுறை தடவிக்கொடுத்தான்.

"போ சாமி" என்றான். "இனி நாங்க பாத்துக்கறோம்."

அல்லி கிளுவை வேலியோரமாக மேற்கே நடந்தது. அது வெள்வேல மரம் வரைக்கும் போய்ச் சேர்வதை அவன் நின்று பார்க்கவில்லை. உள்ளே சம்பூரணம் கூப்பிட்டாள். கன்று நாலு காலையும் பரப்பிக்கொண்டு நின்று, தேடித் தடவி, மடியைப் பிடித்துவிட்டிருந்தது.